தூள் உப்பு

என் மகள் சாலமாண்டர்களை ஆராய்கிறாள். பல்லி உருவம், ஆனால் தவளைக்குத்தான் உறவு. அவள் வளர்க்கும் வகை வயதுக்கு வந்த பிறகும் கரையேறுவதில்லை. குஞ்சில் முளைத்த சிவப்புச் செவுள்களோடு கடைசிவரை தண்ணீரிலேயே இருக்கும். ஏன் என்பதுதான் மூன்று வருடமாக அவளுடைய கேள்வி. சிலவற்றின் தண்ணீரில் தைராய்டு ஹார்மோன் கலப்பாள், செவுள் சுருங்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான்கை மட்டும் எதுவும் கலக்காமல் வைத்திருந்தாள்.

பொத்தேரியில் அவளுடைய ஆய்வகத்தில் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம் பழுதாகிவிட, அந்த நான்கும் செங்கல்பட்டில் எங்கள் வீட்டு ஏசி அறைக்கு வந்தன. மறுநாள் அவள் மாமல்லபுரத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டாள்.

காலையில் பார்த்தால் ஒன்றின் செவுளில் பஞ்சு மாதிரி பூஞ்சை. போன் செய்தேன்.

"நாலையும் பத்து நிமிஷம் உப்புத் தண்ணில வுட்டு எடும்மா" என்று அளவும் சொன்னாள். செய்து முடித்தேன். அரைமணி கழித்து அவளே கூப்பிட்டாள்.

"கல்லுப்பு தானே போட்ட?"

சமையல் மேடையில் தூள் உப்பு பாக்கெட் இருந்தது. 'அயோடின் கலந்தது' என்று அதன்மேல் அச்சடித்திருந்தது. தினமும் தைராய்டு மாத்திரை விழுங்குகிறவள் நான். அந்த ஹார்மோனுக்கு அயோடின்தான் மூலப்பொருள் என்று எனக்குத் தெரியும்.

"கல்லுப்புதான்டி."

"அப்பாடா, பயந்தே பூட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். செவுள் சுருங்குவது போலிருந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தேனோ தெரியாது. பாக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

டீ இடைவேளையில் வெளியே வந்தவள் பாக்கெட்டைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாம்மா, இங்க வந்து சமைக்கப் போறியா?"

பிறகு அதிலிருந்ததைப் படித்தாள். சிரிப்பு நின்றது.

"போன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு."

"என்னைப் பாத்தா?"

அவள் பாக்கெட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அநேகமா ஒண்ணும் ஆகாது. ஆனா இனிமே அதுங்கள ஆராய்ச்சில சேத்துக்க முடியாது. நீ வரலன்னா, எதுவுமே கலக்கலன்னு நான் எழுதிக் குடுத்திருப்பேன்மா."

செவுள்கள் சுருங்கவில்லை. ஆனாலும் அவள் முட்டையிலிருந்து மறுபடி தொடங்கினாள். அந்த நான்கும் இங்கேயே இருக்கின்றன.

தினமும் போனில் கேட்பாள்: "மாத்திரை போட்டியா?" போட்டேன் என்பேன். முன்பெல்லாம் அதோடு விட்டுவிடுவாள்.

"நெஜமா?" என்கிறாள் இப்போது.