கலிபோர்னியாச் செடியும் ஒரு செம்புத் தண்ணீரும்

திண்டுக்கல்லில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த காலம் அது. குழாயடியில் முட்டி மோதிப் பிடித்த குடத்திலிருந்து ஒரு செம்பை ஒரு செடிக்கு ஊற்றினால், அது வீட்டுப் பிள்ளை என்று அர்த்தம்.

என் ஒரே மகள் கலிபோர்னியாவில் நர்ஸ். அவள் அப்பா போன பிறகு வீட்டில் நான் மட்டும். அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையில் வெள்ளை சேஜ் என்று ஒரு செடியாம், அதன் வாசம் அவளுக்கு உயிராம். போனில் பேசும்போதெல்லாம் அதே புராணம். விதை கேட்டு வாங்கினேன். அந்த வாசம் இங்கேயும் இருந்தால் லீவில் வருகிறவள் இன்னும் கொஞ்ச நாள் தங்குவாள் என்று ஒரு பேராசை.

சாணி உரம் போட்டேன், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். முளைத்ததெல்லாம் வேரழுகிச் செத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனில் சொன்னேன்.

"ஊத்தி ஊத்தியே கொன்னுட்டியேம்மா! அது சரளை மண்ணுல, மலைச்சரிவுல தானா மொளைக்கிறது. குளிர்காலத்துல பேயிற மழை போதும். கோடை பூராம் ஒரு சொட்டு கெடையாது. வெயில்ல போட்டுட்டு சும்மா விடு."

பட்டினி போட்டால் கொழுக்கிற பிள்ளையை நான் கண்டதில்லை. ஆனாலும் மீதி விதையை வேடசந்தூர்ப் பக்கத்துச் சரளை நிரப்பிய தொட்டியில் ஊன்றி மொட்டைமாடியில் வைத்தேன். ஐப்பசி அடைமழைக்கு மட்டும் படிக்கட்டுக் கூரைக்குள் இழுத்துவிடுவேன். செம்பும் கையுமாக அதைத் தாண்டிப் போவதுதான் கொடுமை. நன்றிகெட்ட செடி, சாம்பல் பூசியது போல வெளுத்த இலையோடு முழங்கால் உயரம் வளர்ந்தது.

மகள் வந்ததும், பெட்டியைக்கூடப் பிரிக்க விடாமல் மாடிக்கு இழுத்துப் போனேன். இலையைக் கசக்கி மோந்தாள். கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்னடி?"

"வீட்டு ஞாபகம் வந்துருச்சும்மா."

அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் மாடியில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"காப்பி ஆறுது, எறங்கி வா" என்றேன்.

லீவு முடிந்து, சொன்ன தேதியில் கிளம்பிப் போனாள். அன்று சாயங்காலம் மற்ற தொட்டிகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டு, செம்போடு அதன் முன்னால் நின்றேன். அழுகை வந்தது. ஊற்றவில்லை. அது நன்றாகத்தான் இருந்தது, என்னிடம் அதற்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.