மூன்று புள்ளி ஏழு

தமிழ்மொழி பந்தய சைக்கிளில் ஏறியது இருபத்தொரு வயதில்தான். சொந்த ஊர் காரைக்கால் பக்கம் சுரக்குடி. வேலை, திருநள்ளாற்றில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில். தோழி ஷர்லோத்தின் அண்ணன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த சைக்கிள் ஒன்று தலத்தெருவில் அவர்கள் வீட்டில் ஓட்ட ஆளில்லாமல் நின்றது. விளையாட்டாக ஏறிப் பார்த்தவள் மறுவாரம் அதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். விடியற்காலையில் நாகூர் சாலையில் போய்த் திரும்புவாள். கடல் காற்று முகத்தில் அறையும்போதும் வேகம் குறையாமல் மிதிப்பாள். அகன்ற தோள், கனத்த தொடை. பள்ளிக்கூடத்தில் கேலி செய்யப்பட்ட அந்த உடம்பு அப்போதுதான் அவளுக்குப் பிடித்துப்போனது.

இரண்டு வருடம் கழித்து, புதுச்சேரியில் ஒரு தனியார் சைக்கிள் கழகம் பெண்கள் அணிக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். அங்கே பயிற்சியாளர் ஹரிஹரன் அவளை நிலையான சைக்கிளில் உட்காரவைத்து முழு மூச்சாக மிதிக்கச் சொன்னார். மிதிக்கும் பலத்தை மீட்டர் வாட் கணக்கில் காட்டியது. இருநூற்றுப் பதினெட்டு. வந்திருந்த பெண்களில் யாரும் அவ்வளவு காட்டவில்லை. தமிழ்மொழி சிரித்துக்கொண்டே இறங்கினாள். பிறகு எடை பார்த்தார்கள். அறுபத்தாறு கிலோ. வாட்டை எடையால் வகுத்தால் மூன்று புள்ளி மூன்று. அணிக்குள் வர மூன்று புள்ளி ஏழு வேண்டும்.

“பலத்தக் கூட்டறதுக்கு நாளாகும். எடையக் கொறைங்க, அது சுலபம். ஏழு கிலோ போனாப் போதும்” என்றார் ஹரிஹரன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அடுத்த தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது.

ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். பிறகு காலை இட்லியில் பாதியை. வயலிலிருந்து வந்த புது அரிசியில் அம்மா பெரியநாயகி பொங்கல் வைத்த அன்றும் ஒரு கரண்டிக்கு மேல் தொடவில்லை. விடுதியில் யாத்திரிகர்களுக்குத் தவறான அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். விடியற்காலையில் எழுந்து சைக்கிளை வெளியே எடுப்பதே பெரும்பாடாக இருந்தது.

“நாத்து நடுற பொம்பளைங்ககூட ரெண்டு வேள நல்லா தின்னுட்டுத்தான் வயல்ல எறங்குறாங்க. நீ எதத் தின்னுட்டுடி அம்மாந்தூரம் மிதிக்கிற?” என்று அம்மா கேட்டாள்.

எடை இயந்திரத்தில் முள் இறங்கிக்கொண்டிருந்தது. அது மட்டும்தான் அவளுக்கு அப்போது கணக்கு.

அறுபது கிலோவில், கழகத்தில் இரவல் வாங்கிய மீட்டரைச் சைக்கிளில் பூட்டிச் சோதித்துப் பார்த்தாள். மீட்டர் நூற்றுத் தொண்ணூற்றெட்டு காட்டியது. வகுத்துப் பார்த்தால் மறுபடியும் அதே மூன்று புள்ளி மூன்று. பட்டினி கிடந்தும் கணக்கு அணுவளவும் நகரவில்லை. கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதாள்.

மூன்று மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. ஷர்லோத் வற்புறுத்திக் காரைக்காலில் மருத்துவர் பஹீமாவிடம் கூட்டிப்போனாள். அவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கொழுப்பு போகும்போது தசையும் சேர்ந்து போயிருக்கிறது, இப்படியே போனால் எலும்பும் பலவீனமாகும் என்று விளக்கினார். பந்தயத்தை விடச் சொல்வாரோ என்று தமிழ்மொழி பயந்துகொண்டிருந்தாள்.

“சைக்கிள் ஓட்டுங்க, வேணாங்கல. ஆனா சாப்ட்டுட்டு ஓட்டுங்க. மாசாமாசம் வரவேண்டியது வரலன்னா, ஒங்க ஒடம்பு பந்தயத்துக்குத் தயாரா இல்லன்னு அர்த்தம்” என்றார் பஹீமா.

தேர்வைத் தள்ளிப்போட்டாள். மீனும் முட்டையும் சோறுமாகத் தின்றாள். ஒவ்வொரு கவளத்துக்கும் உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்வு கிடந்து அரித்தது. அது போகவே பல வாரம் ஆனது. பிறகு மாதவிலக்கு திரும்பியது, கால்களில் பலமும் திரும்பியது. அடுத்த தேர்வில் எடை அறுபத்தைந்து, பலம் இருநூற்று இருபத்தைந்து. வகுத்தால் மூன்று புள்ளி ஐந்துகூட வரவில்லை. ஐம்பது கிலோ எடையுள்ள அல்லி என்ற பெண் நூற்று எண்பத்தேழு வாட் மிதித்து அணிக்குள் போனாள். அல்லி மேல் தமிழ்மொழிக்குக் கோபமில்லை. அந்தப் பெண்ணும் நன்றாகத்தான் ஓட்டினாள்.

ஆனால் சும்மா வர முடியவில்லை. போட்டி எங்கே நடக்கும் என்று ஹரிஹரனிடம் கேட்டாள். கடற்கரைச் சாலையில் என்றார்.

“அங்க ஏத்தம் எங்க சார் இருக்கு? எங்க ஊர்ல ஏத்தம்னா அரசலாத்துப் பாலம் ஒண்ணுதான். மலையில ஏறுறதுக்கு எடை பாக்கலாம். தட்டையான ரோட்டுல எதிர்காத்துல மிதிக்கிறதுக்கு முழு பலம்தான வேணும்? எங்க ரெண்டு பேரையும் ரோட்டுல விட்டுப் பாருங்க.”

அவர் மறுக்கவில்லை. அவள் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் செலவை ஏற்கும் நிறுவனம் எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டும் என்கிறது, எங்கோ யாரோ போட்ட பெண்களுக்கான அட்டவணை அது, தன்னால் மாற்ற முடியாது என்றார்.

“சரின்னு தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னா, அப்பறம் எதுக்கு சார் எங்கள எடை மெஷின்ல ஏத்துறீங்க?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பினாள். பேருந்து சீர்காழி தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாகப்பட்டினத்துக் குழு ஒன்றோடு ஓட்டுகிறாள். எதிர்காற்றில் அவளை முன்னால் விட்டு ஆண்களும் பின்னால் ஒண்டிக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் அந்தக் குழு நடத்திய பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். ஆதாரில் புதுச்சேரி மாநிலத்துக் காரைக்கால் முகவரி இருப்பதால், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் அவள் வேறு ஊர்க்காரி.

பந்தயத்தன்று தண்ணீர்ப் பாட்டில் கொடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வர முடியாது என்று சொல்லிவிட்டு, எதிர்த்திசையில் தரங்கம்பாடிக்குத் தனியாகச் சைக்கிளை விட்டாள்.