பத்துநாள் மாமா உட்கார்ந்த மெஷின்

பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்த மனிதர், இரண்டு வருடம் ஆகியும் போகவில்லை. அதனால் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்குப் பத்துநாள் மாமா என்று பெயர். வாட்ச்மேன் முதல் பேப்பர் போடுகிறவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளப் போய், "அப்ப பதினோராவது நாள் எப்பங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது?

அதற்கு முன்பு அவர் லிஃப்ட் ஓட்டினார். பதினான்கு மாடி அலுவலகம் ஒன்றில், லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பத்தொன்பது வருடம் பொத்தானை அமுக்கினார். "அஞ்சாவது மாடி, பார்த்து இறங்குங்க" என்று அவர் சொல்கிற அழகுக்கே ஆறாவது மாடிக்காரர்கள் ஐந்தில் இறங்கியிருக்கிறார்கள். பிறகு புது லிஃப்ட் வந்தது. அதற்குள் ஒரு பெண் குரல் மாடியைச் சொன்னது, பொத்தானை அவரவரே அமுக்கிக்கொண்டார்கள். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத ஐம்பத்திரண்டு வயதுக்காரர், தொண்ணூற்றெட்டு கிலோ உடம்போடும் ஒரு பெட்டியோடும் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை, தட்டை வைத்தாள். அக்காவின் வீட்டுக்காரர்தான் மாதாமாதம் ஒன்றாம் தேதி, "அப்புறம், என்ன ஐடியா?" என்று கேட்பார். கத்தமாட்டார், முகத்தைச் சுளிக்கமாட்டார், அவ்வளவு மரியாதையாகக் கேட்பார். அதுதான் கொடுமை. "பார்த்துக்கிட்டே இருக்கேன் அத்தான்" என்பார் மாமா. எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. ஒன்றாம் தேதி வந்தாலே பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார்.

இந்த அத்தானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாமான் கிடங்கில் பொறுப்பாளர். சீல் உடைந்த சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளாது என்ற ஒரே பாடத்தை இருபத்தேழு வருடமாகப் படித்து, அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை, உட்கார்ந்தால் கிரீச்சென்று கத்தும். ஃபிரிட்ஜ் கதவில் கடைக்காரன் ஒட்டிய தாள் ஒன்பது வருடமாக அப்படியே இருந்தது. காலண்டர் தாளைக்கூடக் கிழிக்கமாட்டார், பின்பக்கம் மடித்துச் செருகுவார். அவருடைய மூக்குக் கண்ணாடியின் இடது ஓரத்தில் பவர் எண் போட்ட ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம் யார் வந்தாலும் முழுத் தலையையும் திருப்பினால்தான் அவருக்குத் தெரியும். கையைக் கொடுத்துப் பிய்த்துப் போட எத்தனை நேரமாகும், நீங்களே சொல்லுங்கள். செய்யமாட்டார்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்தது. பொருத்திக்கொடுக்க ஆள் அனுப்புகிறோம் என்று கடையில் சொன்னதற்கு, வேண்டாம் என்றுவிட்டார் அத்தான். வெளி ஆள் வந்தால் கவரைக் கிழித்துவிடுவானாம். குழாயை அவரே மாட்டி, பிளக்கை அவரே செருகி, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பால்கனியில் நிறுத்தினார். கூட வந்த விளக்கப் புத்தகத்தை, உறை பிரிக்காமல், பீரோவில் வைத்துப் பூட்டினார்.

முதல் துணி போட்ட அன்று மாமா அதே பால்கனியில் குந்தி உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அலசுகிற வரைக்கும் மெஷின் சமர்த்தாக இருந்தது. பிழிய ஆரம்பித்ததும் அதற்கு என்ன வந்ததோ, தடதடவென்று குதித்துக்கொண்டு இடத்தைவிட்டுக் கிளம்பியது. நேராக மாமாவைப் பார்த்து வந்தது. அவர் இந்தப் பக்கம் நகர்ந்தால் இந்தப் பக்கம் வந்தது. சமையலறைக் கதவை மறித்துக்கொண்டு அவரை மூலையில் தள்ளியது. பின்னால் மூன்று மாடிப் பள்ளம். வேறு வழியில்லாமல் மாமா அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மெஷின் நின்ற இடத்தில் நின்றது. குலுங்கியது, ஆனால் நடக்கவில்லை. அக்கா கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இ-இ-இறங்கட்டுமாக்கா?" என்றார் மாமா.

"இருடா, இன்னும் நாலு நிமிஷம் காட்டுது" என்றாள் அக்கா.

அன்றைக்குக் கிடைத்தது அவருக்கு வேலை. மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்கு மாமா குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனார். அக்கா ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். அத்தான் அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டார். ஏறி உட்கார்ந்ததும் பத்தொன்பது வருடப் பழக்கம் தானாக வந்துவிட்டது. "ஊறுது", "அலசுது" என்று அடுக்களைக்குக் குரல் கொடுப்பார். "பி-பி-பிழியுது, யாரும் கிட்ட வ-வ-வராதீங்க" என்பார். கடைசியில், "முடிஞ்சுது, பார்த்து இறக்குங்க" என்பார். பேப்பர் படித்தால் ஒரு எழுத்து மூன்றாகத் தெரிந்தது. கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் கழன்று விழுந்தது. அதனால் என்ன? ஒன்றாம் தேதி அத்தான் வந்து, "அப்புறம்..." என்று ஆரம்பித்தவர், மெஷின்மேல் உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்துவிட்டு, "சரி சரி, நீ பாரு" என்று போய்விட்டார். இரண்டு வருடத்தில் மாமா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

ஆனால் அவருக்கு ஒன்று தெரியும். அதை வெளியே சொன்னால் மானம் போய்விடும்.

இரண்டாவது வாரம் மெஷினுக்குப் பின்னால் ஒரு காலுறை விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் பின்பக்கத் தகட்டில் நான்கு தடித்த போல்ட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கியது. 'ஓட்டுவதற்கு முன் இதைக் கழற்றவும்.' நான்கு சீட்டையும் தனித்தனியாகப் படித்தார், ஒன்றிலாவது வேறு மாதிரி எழுதியிருக்காதா என்று. எழுதியிருக்கவில்லை. கழற்றினால் ஆட்டம் நின்றுவிடும், ஆட்டம் நின்றால் தன் வேலை போய்விடும் என்பது புரிய அவருக்கு மெஷின் படிப்பு தேவைப்படவில்லை. மனிதர் அக்கம்பக்கம் பார்த்தார். சீட்டுகளை மட்டும் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போல்ட்டுகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் தேடினால் சீட்டுகளைக் காணோம். எங்கேயோ விழுந்து தொலைந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

நான்கு மாதம் ஓடியது. வீடு ஆடியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. கீழ் வீட்டில் ஒரு பல் டாக்டர், வீட்டிலேயே கிளினிக் வைத்திருந்தார். முதல் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது மாதம் வாட்ச்மேனிடம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒரு முப்பத்தோராம் தேதி, ஒரு மெக்கானிக்கைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் டாக்டர், அத்தானிடம். "உங்க மிஷின் ஓடறப்ப நான் ஒரு பல்லைப் பிடிச்சா பக்கத்துப் பல்லு கையோட வருது. நேத்து வந்தவர் நல்ல பல்லை வாங்கிக்கிட்டுத்தான் போவேன்னு உக்காந்துட்டார்."

மாமா எல்லாவற்றையும் மெஷின்மேல் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஒல்லியான ஆள், காதில் பென்சில் செருகியிருந்தான். வந்தவன் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தான்.

"அண்ணே, கொஞ்சம் இறங்குறீங்களா?"

"மிஷினுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. தரை சரியில்ல."

மெக்கானிக் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். "தரை நல்லாத்தானே இருக்கு."

"அப்பத் துணி ஜாஸ்தி."

"உள்ள துணியே இல்லியேண்ணே."

"அதான் சொல்றேன், துணி இல்லாமப் போனா எதுக்குத்தான் நடுங்காது? நான் இறங்கினா அது நடக்கும் தம்பி, உனக்குத் தெரியாது."

"பிளக்கைப் பிடுங்கிட்டேண்ணே" என்றான் மெக்கானிக் பொறுமையாக.

மாமா பிளக்கைப் பார்த்தார். இறங்கினார். நான்கு மாதமாகக் குலுங்கின கால்கள் தரையில் நிற்க மறுத்தன. மெக்கானிக் மெஷினைத் திருப்பினான். பின்பக்கத்தைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"யாருங்க மிஷினை மாட்டினது? இது லாரியில வர்றப்ப உள்ள இருக்கிற டிரம் ஆடாம இருக்கப் போடற போல்ட்டு. வீட்டுக்கு வந்ததும் முதல்ல இதைக் கழட்டணும். இதோட ஓட்டினா டிரம் ஆடாது, மிஷின் மொத்தமா ஆடும். சிவப்பாச் சீட்டு வேற தொங்கவிட்டிருப்பாங்களே, எங்க போச்சு? புக்கைக் கொண்டாங்க."

அத்தான் பீரோவைத் திறந்து புத்தகத்தைக் கொண்டுவந்தார். உறை, கடையில் ஒட்டிய மாதிரியே இருந்தது.

"பிரிச்சுதான் பார்க்கணுமா?" என்றார் அத்தான். "வெளியில இருந்து பார்த்தாத் தெரியாதா?"

மெக்கானிக் அவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றி அத்தான் கையில் கொடுத்தான். பிளக்கைச் செருகி, மெஷின்மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்து, பிழிகிற பொத்தானை அமுக்கினான். தண்ணீரில் ஒரு சலனம் இல்லை. பல் டாக்டர் டம்ளரைக் குனிந்து பார்த்துக் கண் கலங்கினார். மாமாவுக்கும் கண் கலங்கியது. இரண்டு பேரும் ஒரே காரணத்துக்குத்தான் அழுகிறார்கள் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் ஒன்றாம் தேதி. விடிந்தும் விடியாமல் மாமா எழுந்து பெட்டியைக் கட்டினார். கட்டுவதற்கு என்ன இருந்தது, நாலு சட்டையும் அந்த மெத்தையும்தான். எங்கே போவது என்று அவருக்கு ஒரு யோசனையும் இல்லை. அந்தக் கேள்வி வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அக்காவிடம் உண்மையை மறைத்துவிட்டுப் படியிறங்க மனம் ஒப்பவில்லை. பெட்டியோடு சமையலறை வாசலில் போய் நின்றார். அக்கா அடுப்பின் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மிஷின்ல சிவப்பாச் சீட்டுன்னு அவன் கேட்டானே..."

அக்கா திரும்பவில்லை. அலமாரிக்குக் கையை நீட்டி, துணி கிளிப் போட்டு வைக்கும் டப்பாவை எடுத்து, உள்ளேயிருந்து நான்கு சீட்டுகளை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"இதுவா?"

மாமா நான்கையும் எண்ணிப் பார்த்தார்.

"உன் சட்டைப்பையில இருந்துச்சு" என்றாள் அக்கா. "துணி போடறவ பையைப் பார்க்காமலா போடுவேன்?"

"அப்ப உனக்கு... நாலு மாசமாவா? ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ போயிடுவ."

"வீடே ஆடுச்சேக்கா. கீழ அந்த மனுஷன் எத்தனை பல்லை..."

"ஆடட்டும். இடிஞ்சா விழுந்துடுச்சு? ரெண்டு வருஷத்துல அந்த மிஷின்மேல உக்காந்தப்பதான்டா உன் முகத்துல சிரிப்பைப் பார்த்தேன்." சொல்லிவிட்டு அடுப்பைத் தேவையில்லாமல் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். காலண்டர் தாளை மடித்துச் செருகிவிட்டு வருகிறார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நான்கு போல்ட்டும் இருந்தன; உறையின் வாயை ஒட்டித் தேதியும் எழுதியிருந்தார். வாசலில் மாமா நின்றார், மாமாவின் கையில் பெட்டி இருந்தது. பெட்டி அத்தானுக்கு இடது பக்கம், ஸ்டிக்கருக்கு நேராக இருந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை.

"அப்புறம்" என்றார் அத்தான்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"மிஷினைப் போட்டேன். எழவு, சத்தமே இல்ல. ஊறுதா, அலசுதா, நின்னுபோச்சான்னு ஒரு எழவும் புரியல. இங்க நின்னு என்ன பண்ற? போய் உக்காந்து சொல்லு."

"அத்தான், இன்னைக்கு ஒண்ணாந் தேதி" என்றார் மாமா.

"தெரியும். மெத்தையை எடுத்துக்கிட்டுப் போ."

மாமா பெட்டியைத் திறந்து மெத்தையை எடுத்தார். பால்கனிக்குப் போய், மெஷின்மேல் போட்டு, ஏறி உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கிரீச்சென்றது. அவருக்குக் கீழே மெஷின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை அதன் பக்கவாட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பி-பி-பிழியுதுக்கா."

மெஷின் ஆடவே இல்லை.