தெருவுக்கு நடுவே ஓடிய கோடு

“உனக்கு வந்த ஓட்டர் அட்டையக் காட்டும்மா” என்றார் மிஸஸ் வோண்ட்ரா. எதிர்வீட்டுக்காரர். எங்கள் தெருவின் தபால்பெட்டிகள் எல்லாம் என் வீட்டுப் பக்கம்தான். கடிதம் எடுக்க வந்திருந்தார்.

காட்டினேன். இரண்டாம் தொகுதி.

“எனக்கு ஒண்ணாம் தொகுதியாம். முப்பது வருஷமா ரெண்டுதான்.”

“தப்பா அச்சடிச்சிருப்பாங்க.”

“போன் பண்ணிக் கேட்டுட்டேன். தெருவுக்கு நடுவுல புதுசா தொகுதிக் கோடு போட்டிருக்காங்க. உன் பக்கம் உள்ள, என் பக்கம் வெளிய.”

“எங்க போட்டாலும் ஓட்டு ஓட்டுதானே?”

“ரெண்டு மொழியில படிச்சியே, ஒண்ணுலகூட இதச் சொல்லித் தரலையா? ஜனாதிபதிய முடிவு பண்றது ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடுத்திருக்கற தேர்வாளர் ஓட்டுதான். மத்த மாநிலத்துல எல்லாம், முந்தினவனே மொத்தத்தையும் அள்ளிட்டுப் போவான், மெய்ன் மாநிலம் மட்டும் நம்மள மாதிரி. நம்ம நெப்ராஸ்காவுக்கு அஞ்சு ஓட்டு. மாநிலம் முழுக்க ஜெயிச்சவனுக்கு ரெண்டு, தொகுதிக்கு ஒண்ணொண்ணா மூணு. நாலு யாருக்குன்னு இப்பவே எழுதி வெச்சிடலாம். இழுபறி இந்த ஒமாஹா தொகுதி ஒண்ணுலதான். அதுலேர்ந்து என்னைத் தூக்கிட்டாங்க.”

டார்லீன் வோண்ட்ரா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். தேர்தல் ஆண்டுகளில் சனிக்கிழமை தவறாமல் தன் கட்சிக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவார். ஜனாதிபதித் தேர்தல் வந்த ஆண்டும் போனார். பழக்க தோஷத்தில் தெருவில் தன் பக்கம் இருந்த வீடுகள் பதினொன்றைத் தட்டி முடித்த பிறகுதான், அவை இப்போது ஒன்றாம் தொகுதி என்பது நினைவு வந்தது. “காலைப்பொழுதே வீண்” என்று என் வாசற்படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார்.

கட்சி தந்த பட்டியலில் தெருவின் என் பக்கம் இருந்த வீடுகள் மட்டுமே இருந்தன. வெளியூரிலிருந்து வந்த தொண்டர்கள் அவர் வீட்டைத் திரும்பியும் பாராமல் கடந்து போனார்கள். கோட்டை மாற்றச் சொல்லி மாநில சட்டமன்றத்துக்கு நான்கு கடிதம் எழுதினார். தங்கள் அக்கறைக்கு நன்றி என்று ஒரே பதில் நான்கு முறை வந்தது.

அந்தத் தேர்தலில் அவருடைய வேட்பாளர் எங்கள் தொகுதியில் வென்றார். அவருடைய தொகுதியில் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். வரிசையில் நின்று அவர் போட்ட ஓட்டு அந்தத் தோல்வியோடு போயிற்று.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை.

“உன் கீழ்த்தள அறை காலியாத்தானே கெடக்கு? வீட்டைப் பையன்கிட்ட விட்டுடறேன். பேருக்கு இல்ல, நெசமாவே குடிவர்றேன். பொய் விலாசம் குடுத்து ஓட்டுப் போட மாட்டேன். எனக்கு வாடகைக்குக் குடும்மா.”