கிராசியாஸ் என்றால் வேண்டாம்

கஞ்சி வேண்டுமா என்று கேட்டால், மனுவேல் மார்பில் கைவைத்து "கிராசியாஸ்" என்பான். ஸ்பானியர்கள் நன்றி சொல்வது அப்படித்தான் என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். நானும் கிண்ணம் நிறைய ஊற்றி வைப்பேன். அவன் தொடமாட்டான். ரங்கூன் துறைமுகத்தில் சரக்குக் கப்பலொன்று இறக்கிவிட்டுப்போன மாலுமி அவன். காலில் பட்ட காயம் புரையோடியிருந்தது. நான் அவன் படுத்திருந்த வார்டின் வேலையாள்.

நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது. ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: யாராவது காபி நீட்டினால் "இருக்கட்டுங்க" என்கிறோம், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. மனுவேலின் நன்றியும் அந்த வகைதான். இங்கே பர்மியர்கள் எதைக் கேட்டாலும் கடைசியில் மெல்ல ஒரு 'பா' சேர்ப்பார்கள். அது மரியாதை என்று புரியவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

மறுநாள் டாக்டர் வந்தார். மனுவேலின் முழங்காலுக்குக் கீழே விரலால் கோடு போட்டு, வெட்டிவிடலாமா என்று சைகையில் கேட்டார். அவன் முகம் வெளிறிவிட்டது. மார்பில் கைவைத்து, "கிராசியாஸ், தொக்தோர்" என்றான்.

"ஒத்துக்கொண்டான். நாளைக் காலையில் தயார் பண்ணு" என்று இந்துஸ்தானியில் எனக்குச் சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

மலச்சட்டி எடுக்கிறவன் டாக்டரை மறிப்பதா? ஆனாலும் பின்னால் ஓடினேன்.

"சாகிப், அவன் வேண்டாங்கிறான்."

"நன்றி என்றுதானே சொன்னான்?"

"கஞ்சிக்கும் அதேதான் சொல்றான் சாகிப், குடிக்கிறதில்லை. பயாஸ்கோப்புக் கொட்டகையில பிடில் வாசிக்கிற மணிலாக்காரருக்கு அந்தப் பாஷை தெரியும். கூட்டிட்டு வரட்டுங்களா?"

டாக்டர் முறைத்தார். பிறகு தலையசைத்தார்.

மணிலாக்காரர் வந்து பேசிவிட்டுச் சொன்னார்: "வெட்ட வேண்டாமாம். டாக்டர் இன்னும் இரண்டு நாள் தனக்காகப் பொறுக்கமாட்டாரா என்று கேட்கிறான்."

டாக்டர் பொறுத்தார். கீறிச் சீழை எடுத்தார்கள். இரண்டு கால்விரல்கள் போயின, கால் தப்பியது.

மனுவேல் கோலூன்றி நடந்த அன்று, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நான் குடியிருந்த அறையில் உட்கார்ந்து மனைவி செல்லம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வருடமாக "கிளம்பி வா" என்றே எழுதிவந்தேன். பதிலில் அதைப் பற்றி ஒரு வரி இராது. இந்த முறை மனுவேல் டாக்டரைக் கேட்ட மாதிரி, "இங்கே வந்து என்னோடு இருக்கமாட்டாயா?" என்று கேட்டேன்.

அடுத்த கப்பல் தபாலில் அவள் பதில் எழுதியிருந்தாள்: "வர்றேன். நீங்க வந்து கூட்டிட்டுப் போகமாட்டீங்களா?"

கப்பல் டிக்கெட் எழுதுகிறவர் தமிழர். "ஊருக்கா?" என்றார்.

"ஆமாங்க. ஊருக்குப் போயிட்டு, ஊருக்கு வரணும்" என்றேன்.

எது எந்த ஊர் என்பதுபோல் அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.