அண்ணாந்து பார்த்தவர்கள்

ஜெபராஜ் என்ற மாணவனின் படிப்பைக் கெடுத்தவன் நான். அடிக்கவில்லை, மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அவன் அழுதுகொண்டே என்னிடம் சொன்ன ஒன்றை ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டினேன். அவ்வளவுதான். இங்கே வரும் பெயர்கள் உண்மையானவை அல்ல. எழுதலாமா என்று உரியவர்களிடம் கேட்டபிறகே எழுதுகிறேன். கேட்காமல் சொன்னதுதான் என் பழைய குற்றம்.

தெற்கே இருக்கும் நண்பர்களுக்கும், என்னைப் போல அங்கிருந்து கிளம்பி வந்து இந்த ஊரில் குடியேறியவர்களுக்கும் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூரில் காலையில் எழுந்ததும் நான் செய்யும் முதல் வேலை மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது. இரவில் கழற்றி வைத்த கண்ணாடியின் மேல் விடிவதற்குள் மெல்லிய பஞ்சு படிந்திருக்கும். மகன் வாடகைக்கு எடுத்த வீட்டின் கீழ்த்தளத்தில் துணி பின்னும் இயந்திரங்கள் ஓடுகின்றன. வட்டமாகச் சுற்றிச் சுற்றி அவை இறக்கும் துணி ஒரு வெள்ளைக் குழாயாகத் தரையை நோக்கி வந்துகொண்டே இருக்கும். கட்டிலில் படுத்தால் அந்த ரீங்காரம் முதுகில் கேட்கும். மனைவி இறந்தபின் இங்கு வந்தவன் நான். அரைத்தூக்கத்தில் பல நாள் அதைத் தாமிரபரணியின் சத்தம் என்று நினைத்துக் கண்விழித்திருக்கிறேன். ஆறு அப்படி ஒரே சீராக ஓடாது என்பது விழித்தபிறகுதான் நினைவுக்கு வரும்.

இந்த ஊர் மரியாதையால் ஆனது. கைக்குழந்தையைக்கூட "வாங்க, போங்க" என்று கொஞ்சுகிறார்கள். அருகிலிருந்த கல்லூரியின் வாசலில் ஒரு மாணவனிடம் அன்பாக, "என்னலே, சாப்டியா?" என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கி, "நான் ஒண்ணும் பண்ணலீங்களே" என்று விலகிப் போனான். எங்கள் பக்கத்தில் 'லே' என்றால் தோளில் கை போட்ட மாதிரி. இங்கே அது அடிக்கக் கை ஓங்கிய மாதிரி. அந்த வேடிக்கையைப் பார்த்துச் சிரித்தபடி வந்தவர்தான் நிர்மலா. அந்தக் கல்லூரியின் மனநல ஆலோசகர். ஞாயிறுதோறும் மாணவர்களுக்குப் பயிலரங்கு நடத்துகிறார். வாரம் முழுக்கப் படிப்பு, மாலையில் பனியன் கம்பெனியில் வேலை என்று ஓடும் பிள்ளைகள் அதற்கு வருவார்கள். வயதான ஒருவர் உடன் இருந்தால் நல்லது என்று என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க சார். கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாப் போதுமுங்க."

"நான் பேசியே பிழைச்ச ஆளும்மா."

"அதுக்குத் தானுங்க சொல்றேன்."

கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிகளில் வட்டமாக உட்காருவோம். 'இங்கே கேட்டது இங்கேயே இருக்கும்' என்று எல்லோரும் சேர்ந்து சொல்வோம். பிறகு கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார் நிர்மலா. ஜன்னல் வழியே வரும் வெயிலில் பஞ்சுத் துகள்கள் மேலும் கீழும் மிதப்பது மூடிய இமைக்குள்ளும் தெரிவதுபோல இருக்கும். அந்த வாசகத்தைச் சொல்லும்போதெல்லாம் என் உதடு அசையும், குரல் வராது.

பல வருடங்களுக்கு முன், தெற்கே நான் பாடம் நடத்திய கல்லூரியில் ஜெபராஜ் சொன்னது இதுதான். வகுப்பில் உட்கார்ந்தால் மேற்கூரை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது, மூச்சு முட்டுகிறது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் சார் என்றான். தலையாட்டினேன். மதியம் சக ஆசிரியர்கள் நடுவில், கூரையை அண்ணாந்து பார்த்து, தலைக்குமேல் கை வைத்துக் குனிந்து நடந்து காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள். எப்படியோ அது மாணவர்களுக்குப் போயிற்று. அதன்பின் அவன் உள்ளே நுழையும்போதெல்லாம் வகுப்பே ஒன்றாகக் கூரையை அண்ணாந்து பார்க்கும். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்தப் பருவம் முடியும் முன்பே அவன் இருக்கை காலியாகிவிட்டது. திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான் என்றார்கள். அப்போது எங்கள் பக்கத்தில் காணாமல் போகிற பையன்கள் எல்லோரும் திருப்பூருக்குத்தான் போவார்கள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிசில்லா என்ற பெண் முதன்முறையாக வாய் திறந்தாள். இரவில் தூக்கம் இல்லை, தேர்வு எழுதும்போது கை மரத்துப் போகிறது என்றாள்.

"அப்பாகிட்டச் சொன்னியா கண்ணு?" என்று கேட்டார் நிர்மலா.

"நான் இங்க வர்றதே அவருக்குத் தெரியாதுங்க மேடம். லேப் இருக்குன்னு சொல்லிட்டு வர்றேன். மனசுல இருக்கறத வாத்தியாருங்ககிட்டச் சொல்லவே கூடாதும்பாருங்க. அவரு தெக்க காலேஜ் படிக்கறப்ப ஒருத்தருகிட்டச் சொன்னாராம்..."

மீதியை அவள் சொல்லச் சொல்ல நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணாந்து பார்த்த வகுப்பைப் பற்றிச் சொல்லி முடித்தாள். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அவள் அப்பாவைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் இங்கே இருக்கிறார் என்பதே அந்தக் கூடத்தில் கேட்ட செய்தி. அதை வெளியே எடுத்துப் போனால், தகப்பனுக்குச் செய்ததை மகளுக்கும் செய்தவன் ஆவேன். எல்லோரும் போனபிறகு, நிர்மலாவை உடன் வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன்.

"அந்த வாத்தியார் நான்தாம்மா."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நல்ல உசரமா, பெரிய ஆளா இருப்பாருன்னு நெனச்சேனுங்க" என்றாள்.

அப்பாவைப் பார்க்க அனுமதி கேட்டேன். அவள் பெயர் வராது என்றேன்.

"அவருகிட்டயும் அப்படித்தானுங்களே தலையாட்டுனீங்க?"

அடுத்த வாரம் அவளாகவே வந்து, பெருமாநல்லூர்ப் பக்கம் அப்பா தையல் யூனிட் வைத்திருக்கும் இடத்தைச் சொன்னாள். "போங்க. ஆனா நான் இங்க வர்றது தெரிஞ்சா அப்புறம் உடமாட்டாருங்க. எனக்கு இந்த எடம் வேணுமுங்க."

தகரக் கூரை போட்ட கொட்டகை. தையல் இயந்திரங்கள் ஒன்றாக இரைந்துகொண்டிருந்தன. குழந்தைச் சட்டை ஒன்றை விரித்துத் தையலைச் சோதித்துக்கொண்டிருந்த நரைத்த மனிதர் நிமிர்ந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"வாங்க சார், உக்காருங்க" என்றார், இந்த ஊர்க்காரரைப் போலவே.

நான் உட்காரவில்லை. ஆசிரியர் அறையில் சத்தமில்லாமல் நடித்த காரியத்துக்கு அங்கே உரக்கக் கத்தி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "கேக்கட்டும், சொல்லுங்க" என்றார் அவர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நா இங்க இருக்கம்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"அதை மட்டும் கேக்காதப்பா."

"சொல்ல மாட்டியளா?"

"மாட்டேன்."

"அன்னைக்கு இந்த வாய் எங்க சார் போயிருந்தது?" கோபம் வந்ததும் பேச்சு முழுசாகத் தெற்கே போய்விட்டது. "இந்தக் கதைய நா ரெண்டு பேர்ட்டதான் சொல்லியிருக்கேன். ஒண்ணு எம் பொஞ்சாதி. அவ போய்ச் சேந்துட்டா." கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். அவர் கணக்குப் போட்டு முடித்தது அவர் முகத்தில் தெரிந்தது.

நான் வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் நான் போய் நின்றதே போதுமானதாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் இது எனக்குப் புரிந்தபோது இறங்கி ஓட வேண்டும்போல இருந்தது. என் மனப்பாரத்தை இறக்கும் அவசரத்தில் அவளுடைய இடத்தைப் பறித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பிரிசில்லா வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வட்டத்தில் அவள் நாற்காலியை எடுக்க வேண்டாம் என்று நிர்மலா சொல்லிவிட்டார். மாணவர்கள் கண்ணை மூடியிருக்க, நான் அந்தக் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு ஒரு பைக் வாசலில் நின்றது. பின்னாலிருந்து பிரிசில்லா இறங்கி, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். ஜெபராஜ் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"ராத்திரி ராத்திரி முழிச்சுட்டே கெடந்திருக்கா. ஒரே வீடு சார், எனக்குத் தெரியல. ஒங்க கூடத்துல சொல்லியிருக்கா, எங்கிட்டச் சொல்லல" என்றார். பிறகு, "அவ வருவா. அவ உள்ள இருந்தா நீங்க வெளிய இருக்கணும்."

"சரிப்பா" என்றேன். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வட்டம்தான். அதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. அறிந்திருந்தாலும் அவர் கேட்டது சரியே.

இப்போது சீக்கிரமே போய் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைக்கிறேன். பிள்ளைகள் வரத் தொடங்கியதும் வாசலுக்கு வந்துவிடுகிறேன். வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்ச் இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் ஜெபராஜ் பைக்கில் சாய்ந்து காத்திருப்பார். எங்களுக்கு நடுவே துணி ஏற்றிய வண்டிகள் போகும், வரும். அவர் ஒரு டீ வாங்கித் தான் மட்டும் குடிப்பார். "உள்ள போலீங்களா சாமி?" என்று காவலாளி என்னைக் கேட்பார். இல்லீங்க என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பிரிசில்லா இப்போது கொஞ்சம் தூங்குகிறாள் என்று நிர்மலா சொல்லவில்லை, சொல்லக்கூடாது. ஒருநாள் அவள் வெளியே வரும்போது பக்கத்தில் வந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததை நானே பார்த்தேன். ஜெபராஜும் பார்த்தார்.

போன வாரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் தூறல்கூட விழவில்லை. பைக்கைத் திருப்பிய ஜெபராஜ், மகள் ஏறி உட்கார்ந்தபிறகும் கிளம்பாமல் நின்றார். சாலையைத் தாண்டி என்னிடம் கேட்டார்.

"ஊர்ல மழ உண்டுமா சார்?"

கேட்டுச் சொல்ல அங்கே எனக்கு யாரும் மிச்சமில்லை.

"தெரியலையேப்பா" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் தெற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.