மேற்படி பவுல்சாமி

"யாரு சொன்னா?" என்று கேட்கும்போதே பவுல்சாமியின் கை சட்டைப் பையிலிருக்கும் பென்சிலைத் தேடிப் போய்விடுகிறது. தக்காளி விலை ஏறிவிட்டது என்று மனைவி நோரா சொன்னாலும் இதே கேள்விதான். ஜப்பான்காரன் மறுபடி வரப்போகிறான் என்று டிராமில் யாராவது குசுகுசுத்தாலும் இதே கேள்விதான்.

"கடக்காரன் சொன்னான். இன்னிக்குக் காலைல சொன்னான். தராசப் புடிச்சிக்கினே சொன்னான். பக்க நம்பரும் வேணுமா?" என்கிறாள் நோரா.

பவுல்சாமிக்கு அது கிண்டலாகப் படுவதில்லை. கடைக்காரனுக்குப் பக்க எண் கிடையாதே என்று உண்மையாகவே வருந்துகிறார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், அண்டை வீட்டாரைப் பற்றிய வம்பை எவரெவர் வாயிலிருந்து கேட்டார் என்பதை ஆதாரத்தோடு ஒப்பிக்கிறாராம். "உன் பாவத்த மட்டும் சொல்லுப்பா" என்று பங்குச் சாமியார் கெஞ்சியதாகக் கேள்வி. இந்தச் செய்திக்கு ஆதாரம்: நோரா.

மயிலாப்பூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இயங்கும் இன்ஜினீயர்கள் சங்கம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கிலீஷில் ஒரு பத்திரிகை வெளியிடுகிறது. அணையும் பாலமும் கட்டுகிறவர்கள் அதில் கட்டுரை எழுதுகிறார்கள். கட்டுரையில் அங்கங்கே எடுத்தாண்ட நூல்களின் விவரத்தைக் கடைசியில் அடுக்கித் தருவது பவுல்சாமியின் உத்தியோகம். ஆசிரியர் பெயர், நூலின் பெயர், அச்சிட்ட ஊர், ஆண்டு, பக்கம், நடுநடுவே அததற்குரிய காற்புள்ளி, எல்லாம் லண்டன் முறைப்படி. ஆற்றையே மறித்து அணை கட்டுகிற மகான்கள் இந்த விவரங்களை மட்டும் சிகரெட் அட்டையின் பின்புறத்தில், ஞாபகத்திலிருந்து எழுதி அனுப்புகிறார்கள். பத்திரிகை அச்சேறும் வாரத்தில் பவுல்சாமியின் வயிற்றில் மோர்ச்சோற்றைத் தவிர எதுவும் தங்குவதில்லை.

ஒரே நூல் அடுத்தடுத்து வந்தால் இரண்டாம் முறை அதன் பெயரை எழுத வேண்டியதில்லை. 'இபிட்' என்று போட்டால் போதும். நம் பத்திரத்தில் வருகிற 'மேற்படி'யின் லத்தீன் மாமன் அது. பூசையில் கேட்டுப் பழகிய பாஷையாயிற்றே என்று பவுல்சாமிக்கு அதன்மேல் தனிப் பாசம். ஆனால் நடுவில் வேறொரு நூல் புகுந்துவிட்டால் இபிட் செல்லாது. பழைய நூலின் முழு விலாசத்தையும் மறுபடி எழுத வேண்டும். இது சங்கத்தின் சட்டம். எழுதினவர் யார் என்று பவுல்சாமியே தேடியிருக்கிறார், அகப்படவில்லை. அதனால் அவருக்கு அதன்மேல் இன்னும் பயம்.

இந்த இதழில் மராமத்து இலாகா சிதம்பரநாதன் பிள்ளை, ஆற்றுப் பாலங்களின் அஸ்திவாரத்தைப் பற்றி எழுதியிருந்தார். என்றோ காலமாகிவிட்ட ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் நூலைச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே, 'இந்தக் கணக்கை நம்பிக் கட்டிய தூண் முதல் வெள்ளத்திலேயே சாய்ந்தது' என்று ஒரு குத்துக் குத்தியிருந்தார். செத்துப்போனவரைக் குத்தினால் பிரமோஷன் கெடாது. குத்துக்கு ஆதாரம்: இபிட், அதாவது மேற்படி ஸ்காட்லாந்துக்காரர்.

சனிக்கிழமை பிள்ளை வியர்க்க வியர்க்க மாடியேறி வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"வே, இதை அந்த ஸ்காட்லாந்துக்காரனுக்குக் கீழே சொருகிரும். நம்ம சுயம்புலிங்கம் சார் எழுதின கட்டுரை. அவாளை எப்படியோ விட்டுட்டேன் பாரும்!"

பிள்ளைக்கு மேலதிகாரி இந்தச் சுயம்புலிங்கம். சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பிள்ளையின் பிரமோஷன் காகிதம் அவர் மேஜையில் இருந்தது.

"அச்சுக்குப் போற நேரம் சார்..."

"சிரமந்தான் வே. அதுக்குத்தான் கடைசியில உமக்கு நன்றின்னு ஒரு வரி போட்டிருக்கேன், பேரோட."

உலகத்துப் பெயர்களையெல்லாம் வரிசைப்படுத்திய மனிதரின் பெயர் இதுவரை அச்சில் வந்ததில்லை. பவுல்சாமி சீட்டைச் சொருகினார். வரிசை எண்களையெல்லாம் மாற்றி எழுதினார். அச்சகத்துக்கு அனுப்பினார். வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னார், ஆதாரத்தோடு. பொழுது சாய்வதற்குள் நோரா சாந்தோம் முழுக்கச் சொல்லிவிட்டாள், ஆதாரமில்லாமல்.

ஞாயிறு பூசையில் சாமியார் கலியாண ஓலை வாசித்தார்: "சாந்தோம் பங்கைச் சேர்ந்த பிலிப்புக்கும், மேற்படி பங்கைச் சேர்ந்த மர்சலினுக்கும்..."

மேற்படி!

பவுல்சாமிக்கு இபிட் ஞாபகம் வந்தது. சீட்டு எங்கே நுழைந்தது? ஸ்காட்லாந்துக்காரருக்கும் இபிட்டுக்கும் நடுவில். அப்படியானால் இப்போது சாய்ந்த தூண் யாருடைய கணக்கு? சுயம்புலிங்கத்தின் கணக்கு! பிள்ளையின் பிரமோஷனும் தம்முடைய சோறும் ஒரே வெள்ளத்தில் போவதை அவர் பீடத்துக்கு முன்னாலேயே பார்த்தார்.

"இன்னாங்க, எங்க ஓடுறீங்க? இன்னும் பூசை முடியல!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து நோரா கிசுகிசுத்தாள். யார் சொன்னது என்றுகூட அவர் கேட்கவில்லை. ஒரு ஜட்காவைப் பிடித்து ராயப்பேட்டை அச்சகத்துக்கு ஓட்டச் சொன்னார்.

அந்த அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. கம்பாசிட்டர் அப்துல் கய்யூம் அப்போதுதான் பக்கத்தை மிஷினில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க பாய்! நிறுத்துங்க!"

"இன்னா சார், கோயில்லேந்து நேரா ஓடியாந்துக்கினு கீறே? எவன்னா பூட்டானா?"

"இனிமேதான் போவணும். நான்தான்."

விஷயத்தைக் கேட்டதும் கய்யூம் மிஷினின் மேலேயே கையை ஊன்றிச் சிரித்தார். "யா அல்லா! பெரியவர் தலைலயே தூணத் தள்ளிட்டியே நைனா! சரி, இபிட்ட எட்த்துட்டு அந்த வெள்ளைக்காரன் பேர மட்டும் போட்டுர்றேன். ஒரே வரி. வேல முட்ஞ்சிது."

"பேரு மட்டும் கூடாது பாய். சட்டப்படி முழு விலாசமும் வேணும்."

"முழுசா போட்டா ரெண்டு வரி ஆவும். பக்கம் ரொம்பிக் கீது. அடுத்த பக்கம் போடலாம்னா, கவர்மெண்டு குடுக்கற காய்தத்துல ஒரு ஷீட்டு மிச்சமில்ல. எத்தயாச்சும் ஒரு வரிய எடுக்கணும். எது, சொல்லு."

பவுல்சாமி பக்கத்தின் மேல் குனிந்தார். எடுக்கக்கூடிய வரி எது? ஆதாரங்களில் ஒன்றையும் தொட முடியாது. அவை எல்லாவற்றுக்கும் கீழே, ஓரத்தை ஒட்டி, ஒரு வரி தனியாக நின்றது.

"சாருக்கு இன்னா பைத்தியமா?" என்றார் கய்யூம், விரல் போன இடத்தைப் பார்த்து. "அது உன் பேரு. பேசாம அந்த ஸ்காட்லாந்துக்காரன சுருக்கிக்க. செத்தவன் கேக்கவா போறான்?"

"கேக்க மாட்டார். ஆனா சட்டம்..."

"இன்னா சட்டம்? யார் சொன்னா?"

பவுல்சாமியின் விரல் அந்த வரியை விட்டு நகரவில்லை.

கய்யூம் தலையில் அடித்துக்கொண்டு அந்த வரியைப் பெயர்த்தார். ஈய எழுத்துகள் சிதறாமல் நூலால் கட்டி, அவர் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, ஊட்டுக்கு எட்த்துக்கினு போ. அண்ணிகிட்ட காட்டு."

பவுல்சாமி ஜன்னலோரம் போனார். மிஷின் ஓடத் தொடங்கியது. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஈய வரியை வெளிச்சத்தில் சாய்த்து, இடவலமாகத் திரும்பிக் கிடந்த எழுத்துகளின் மேல் நகத்தை மெல்ல ஓட்டிக்கொண்டே வந்து, தம் இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.